ஓடாத ரயிலில் ஒரு மத்தியானம்

16.9.87, சின்னசேலம்
கல்யாணமாகி நாலு நாள். இவரிடம் தனியாக நாலு வார்த்தை பேசவில்லை. மறுவீட்டு விருந்துக்கு வந்த திருநாவலூர் சொந்தங்கள் நாளைக் காலை பஸ் ஏறுகிறார்கள். அப்புறம் கேட்டுவிட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போய் நிற்காவிட்டால் என் இரண்டாம் வருட இடம் போய்விடும். இவர் சொன்னால்தான் மாமனார் விடுவார். இவரோ ராணுவம், அடுத்த வெள்ளிக்கிழமை லடாக் கிளம்புகிறார்.

17.9.87
பஸ் இல்லை, ரயில் இல்லை. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கத்துக்காரர்கள் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்து ரோட்டையும் தண்டவாளத்தையும் மறித்துவிட்டார்கள். வெட்டப் போனவர்களில் மாமனாரும் ஒருவர். சொந்தங்கள் பையோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

19.9.87
பெண்கள் உள்ளே, ஆண்கள் வாசலில். இரண்டு பெரியம்மாக்களுக்கு நடுவே எனக்குப் பாய். இதுதான் கல்யாணமா?

20.9.87
கிணற்றடியில் மடக்கினேன். "உங்ககிட்ட ஒன்னு—" அதற்குள் கொளஞ்சியப்பன் சித்தப்பா வேப்பங்குச்சியோடு வந்து நின்றார். சே.

21.9.87
ஸ்டேஷனுக்கு அப்பால் கழித்துவிட்ட ரயில் பெட்டிகள் கிடக்கின்றன, பார்க்கலாம் என்றார் இவர். அத்தை விடுவாரா? "பூமாலையயும் இட்டுக்கினு போங்க." நாத்தனார் பூமாலையும் கூட வந்தாள். முதல் பெட்டியிலேயே நாய்க்குட்டிகளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நாய் நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் கடைசிப் பெட்டி வரை நடந்தோம். உட்காரும் பலகைகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கக்கூஸ் ஓட்டையில் முளைத்த ஆமணக்கு ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. கம்பியைப் பிடித்தால் கையெல்லாம் துரு. எதிரே கல்வராயன் மலை.

"எங்க கேம்ப்புல மருந்துக்குக் கூட மரம் கெடையாது. ஒரே மணல் மலை. இங்க இருக்கறத வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க" என்றார்.

கேட்டுவிட்டேன், ஒரே மூச்சில்.

"எனக்குச் சம்மதம்தான் கமலா. அப்பாகிட்ட நான் எப்டி சொல்லுவேன்? பயமா கீது."

துப்பாக்கி பிடிக்கிறவர் பேசுகிற பேச்சா இது? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வெயிலில் நடந்தேன்?

24.9.87
வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் இவர் போய்விட்டார். மாமனாரிடம் என் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ராத்திரி சோறு போடும்போது நானே கேட்டேன். "மாமா, படிப்புல எடம் வேணும்னுதான மரம் வெட்டப் போனீங்க? எனக்குக் கெடச்ச எடம் ஒன்னு கீதுங்க. இருபத்தெட்டோட போயிடும்."

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். மாமனார் மோர் வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

27.9.87
பஸ்ஸுக்கு நேரமாகிறது. மாமனார் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். என்னோடு இன்னும் பேசவில்லை.