சேகர் சொல்ல வந்தது

12 பிப்ரவரி 2004, வியாழன். அந்தமான் கப்பல்.

தூக்கம் வரவில்லை. மணலி ஆபீஸிலிருந்து கல்யாணமாகாத நாங்கள் ஆணும் பெண்ணுமாக ஆறு பேர் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறோம். எங்களில் வியாசர்பாடி சேகர் குத்துச்சண்டைக்காரன். மாலையில் என்னை மட்டும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டான்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்," என்றவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தியெடுத்தான்.

எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். "என்னப் பாத்தாலே குமட்டுதா?"

"ஐய, அது அலைம்மா. உன்ன எனக்கு ரொம்பப் புட்ச்சிகீது," என்றான், முகம் வெளுத்துப்போய்.

"கரைக்குப் போனதும் மறந்துட மாட்டியே?"

"கரையில சொல்ல தெகிரியம் இல்லாமதான் கப்பலுக்கே வந்தேன்."

சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவன் இன்னும் மேலே வாளியோடு உட்கார்ந்திருக்கிறானாம். எழுந்து போய்ப் பார்க்கப் போகிறேன்.