முப்பத்தாறில் முடியும் எண்

அக்டோபர் 8, 2025, புதன்

செல்போன் போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் தோழி பானுப்ரியா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தேன், ஒரு குலுக்கல், கையை விட்டு வெளியே விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி இறங்கிவிட்டது. கண்டக்டர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்து, உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

வீட்டில் சொன்னேன். "கையில ஒண்ணும் படலியே?" என்றார் அப்பா. பிறகு டிவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இந்த வீட்டில் இப்போது இவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 9, வியாழன்

புது போன், பழைய நம்பர். ஆனால் மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. ஒருநாளும் அடித்ததில்லை. பழைய போனில் தானாகவே திறந்திருக்கும்.

மெயில் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அல்ஃபியாவின் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அல்ஃபியா என் மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லை. இந்தப் பருவத்துக்கான இரண்டு புத்தகங்களை மே மாதம் முழுக்க வாசித்துப் பதிவு செய்து அந்தக் கணக்கில் சேர்த்து வைத்தேன். தேர்வு விடுமுறைக்கு முன்னால் மெமரி கார்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். நவம்பரில் தேர்வு.

பிரதி எடுத்து வைக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? அங்கே இருக்கிறதே, எங்கே போய்விடும் என்றுதானே.

அக்டோபர் 11, சனி

தென்னூர் முனையில் இருக்கும் முகம்மது கனியின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பொறுமையான மனிதர். எல்லா வழியிலும் முயன்று பார்த்தார். நினைவிருக்கும் பழைய பாஸ்வேர்டு கேட்டது. தெரியாது. கணக்கு தொடங்கிய மாதம் கேட்டது. தெரியாது. கடைசியாக, முப்பத்தாறில் முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது.

"இது உங்க நம்பரா மேடம்?" என்றார் கனி.

இல்லை என்றேன். யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்டினுடையது. அப்பா நம்பரைத் தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர். கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே அவன்தான். "உன்னை நம்ப முடியாதுக்கா, நீ போனைத் தொலைச்சிடுவே, என் நம்பரே இருக்கட்டும்" என்று சொல்லியிருப்பான். சொன்னானோ இல்லையோ, சொல்லியிருப்பான்.

மணப்பாறை ரோட்டில் அவன் வண்டி மோதி இரண்டு வருஷம் ஆகிறது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்யட்டுமா என்று நான் கேட்டபோது அப்பா, "வேண்டாம், யாருக்கு?" என்றார். அதற்குப் பிறகு தம்பி பெயரை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் புத்தகத்தை மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்.

உபயோகத்தில் இல்லை என்று வரும், அத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மணி அடித்தது. "யாருங்க?" என்று ஒரு பெண் குரல். வைத்துவிட்டேன். வேறு யாராவது எடுப்பார்கள் என்று ஏன் எனக்குத் தோன்றவேயில்லை? பின்னே யார் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்?

முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கூப்பிட்டேன். பெயர் பாப்பாயி. உப்பிலியபுரம். ஒரு வருஷத்துக்கு முன்னால் கடையில் சிம் வாங்கியபோது இந்த நம்பர் கிடைத்ததாம். விஷயத்தைச் சொல்லி, ஒரு குறியீடு வரும், அதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லாதன்னு சொல்லி வெச்சிருக்காங்கம்மா. உங்களப் பாத்தா... பாக்கல, உங்க பேச்சக் கேட்டா நல்லவங்க மாதிரிதான் இருக்கு. ஆனா ஏமாத்துறவங்களும் நல்லாத்தானே பேசுறாங்க."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அப்போதே வைத்திருப்பேன்.

நேரில் வந்தால் நம்புவீர்களா என்று கேட்டேன். வாங்க, பாத்துக்கலாம் என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

அல்ஃபியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உப்பிலியபுரத்துக்கு நீயும் வருகிறாயா, உன்னைப் பார்த்தால் அந்த அம்மா மறுக்க மாட்டார் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குக் கூசியது.

"என்னைக் காட்டிக் கேக்காதீங்க மேம். உங்க தம்பி நம்பர்தானே, அவரைச் சொல்லிக் கேளுங்க."

அவனைச் சொல்லித்தான் கேட்க முடியாமல் இவளைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

போய்விட்டு வந்தேன். எழுதி முடித்தால்தான் தூங்க முடியும்.

அப்பாவிடம் கல்லூரி வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தீபாவளிக் கூட்டத்தில் துறையூர் வரை நின்றுகொண்டே பயணம். உப்பிலியபுரம் ஸ்டாப்பில் பாப்பாயி அம்மா காத்திருந்தார். கைவிரலெல்லாம் சின்ன வெங்காயத் தோல். கல்லூரி அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கிப் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மரத்தடிப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"இந்த நம்பரு உங்களுக்கு யாரோடது?"

"என் தம்பியோடதுங்க."

"ஆஸ்டினா?"

இரண்டு வருஷம் வீட்டில் கேட்காத பெயரை, முன்பின் தெரியாத ஒருவர், வெங்காயம் உரித்த கையோடு, பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல் சொல்கிறார். ஆரம்பத்தில் தினமும் யாராவது ஆஸ்டினைக் கேட்டுக் கூப்பிட்டார்களாம். ராங் நம்பர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். இறந்துவிட்டான் என்று சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவராகவே சொன்னார். "மத்தவங்க எல்லாம் நின்னுட்டாங்க. ஒரு பெரியவரு மட்டும் ஞாயித்துக்கிழமையானா கூப்பிடுவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. மூச்சு விடுறது மட்டும் கேக்கும். மொதல்ல பயந்தேன். அப்புறம் நானே, சாப்பிட்டீங்களாய்யா, இங்க வெயிலு கொளுத்துதுன்னு ஏதாச்சும் பேசுவேன். கேட்டுட்டு வெச்சிடுவாரு. மருமவன் வேற சிம்மு வாங்கித் தாரேன்னுச்சு. அவருக்காகத்தான் இதையே வெச்சிருக்கேன்."

நம்பரைப் பார்க்க முடியுமா என்றேன். காட்டினார்.

அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தண்ணீர் டேங்க் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போவாரே. அதற்குத்தான்.

குறியீட்டை மறந்தே போனேன். அவர்தான் நினைவுபடுத்தினார். பெஞ்சில் சிக்னல் சரியாக இல்லை. ரோட்டோரம் போய் நின்றோம். வந்தது. ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தார், நான் அடித்தேன். கணக்கு திறந்தது. மே மாதத்துப் பாடங்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ரோட்டிலேயே நின்று அழுதேன். பாப்பாயி அம்மா ஒன்றும் கேட்காமல் என் நம்பரை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கணக்கில் என் நம்பரைச் சேர்த்தேன். பழைய எண்ணை நீக்கட்டுமா என்று கேட்டது. துறையூர் தாண்டும் வரை விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு நீக்கினேன். அது இப்போது அந்த அம்மாவுடைய நம்பர்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பா மாடிக்குப் போனார். நான் படிக்கட்டு வரை போய் நின்றேன். ரீசார்ஜ் வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே அப்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் நான் மட்டும்தான் அழுகிறேன் என்று நினைத்திருந்தேனே. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்படியானால் நான் அவரிடம் ஏதாவது சொன்னேனா?

அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

அல்ஃபியாவிடம் மெமரி கார்டு கொடுத்தாயிற்று. வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதி. கொஞ்சம் போட்டுக் கேட்டுவிட்டு, "மூணாவது பாடத்துல உங்க வீட்டுக் குக்கர் விசில் கேக்குது மேம்" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பூசைக்குப் போகவில்லை, மாடிக்கும் போகவில்லை.

மதியம் என் போன் அடித்தது. பாப்பாயி அம்மா.

"பெரியவரு இன்னிக்குக் கூப்பிடலியேம்மா. உடம்பு ஏதும் சரியில்லியா?"

நம்பரைப் பார்த்தபோது அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம் இருங்கள் என்றேன். பிறகு அப்பாவின் அறைக்குப் போய்ப் போனை நீட்டினேன்.

"அப்பா, உங்களுக்குத்தான்."

"யாரு?"

"ஞாயித்துக்கிழமை நீங்க கூப்பிடுவீங்களே, அவங்க."

எழுந்து உட்கார்ந்து, விலகியிருந்த போர்வையைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

"காய்ச்சல்ங்க," என்பது கேட்டது. "வேற ஒண்ணுமில்லீங்க."

பிறகு என்னைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். தீபாவளிக்கு முன்னால் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மணி அடிக்கிற வரைக்கும் அவன் எடுப்பான்னு இருக்கும் லிசி. அவ்வளவுதான்."

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

அல்ஃபியாவுக்குத் தேர்வு முடிந்தது. நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலைச் சாப்பாட்டின்போது அப்பா, "உப்பிலியபுரத்துல நேத்து நல்ல மழையாம். வெங்காயம் அழுகிடும்னு அந்தம்மா கவலப்படுறாங்க," என்றார்.

"அப்படியா," என்றேன்.

கொஞ்ச நேரம் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்டின் இருந்தா, வண்டிய எடுத்துட்டு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திருப்பான்."

அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.