மாடுகளுக்கு ஓர் ஒழுங்கை

உ
சிவமயம்

உரும்பிராய்,
27.01.2026

அன்பு மகன் மயூரதனுக்கு,

பிள்ளையார் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையைக் காட்டாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் கதைப்பதென்றால் கீர்த்திகாதான் உன்னைப் பிடித்துத் தருகிறாள், நான் கதைத்து முடியும்வரை போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலும் நிற்கிறாள். நான் இன்று எழுதுவது அவள் காதில் விழக்கூடாது. அங்கே உன்னோடு வேலை செய்கிற பிரவீணன் லீவு முடிந்து நாளைக்கு டோகாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் மிளகாய்த்தூளோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறேன். தூளை வறுத்தவள் உன் மனைவி. கடிதத்தை அதற்குள் ஒளித்தவன் நான்.

போன கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாடுகளை விற்றுவிட்டு ஆறுதலாக இருங்கள் என்றாய். கொடிகாமத்து மனிதர் ஒருவரிடம் நீயே பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வந்து ஐந்தையும் ஏற்றச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். கீர்த்திகா "ஓம்" என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை கதைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் பயத்தை நான் பிழை சொல்லவில்லை. ஐப்பசியில் ஊசி போடும்போது எங்கள் சிவப்பி மாடு அவளை மரத்தோடு நெரித்துத் தோள் எலும்பை உடைத்தது. நீ இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அந்தச் செய்தியைக் கேட்டவன். ஆனால் அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அவள் தன்னைப் பற்றிச் சொல்கிற ஆளில்லை. நான் சொல்கிறேன்.

கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாளே கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கீறத் தொடங்கினாள். இடக்கையால் கீறியது, கோழி கிளறியது போல இருந்தது. என்ன பிள்ளை இது என்று கேட்டேன். மாட்டைப் பிடித்து நிறுத்த ஒரு கூடும், அதற்குப் போகிற பாதையும் என்றாள். நீ அந்த நேரம் ஒரு வீடியோ அனுப்பினாயே, அவுஸ்திரேலியாவில் மாடு உள்ளே வர இரும்புக் கதவு டமார் என்று கழுத்தைப் பிடிக்கிறது, அதை அவள் மூன்று தரம் பார்த்தாள். "இது ஐந்நூறு மாடு வைச்சிருக்கிறவைக்கு மாமா. எங்கடை மாட்டுக்கு இந்தச் சத்தமே போதும், பிறகு ஒரு நாளும் கிட்ட வராது" என்றாள்.

சரி, இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. எங்கள் பகுதி மிருக வைத்தியர் நிவேதனாவைத் தெரியும்தானே, அந்தப் பிள்ளையோடு கிளிநொச்சிப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய் அங்கே இருந்த கூட்டைப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். கீர்த்திகா கூட்டுக்குள் நுழைந்து, மாட்டின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து, அந்த முனையிலிருந்து இந்த முனை வரை மெல்ல நடந்தாள். பண்ணைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்து, எந்த இடத்தில் வெயில் கண்ணுக்குள் அடிக்கிறது, எந்த ஆணி விலாவில் கிழிக்கும், எந்த இடைவெளியில் கால் போய்ச் சிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய நான் ஒரு நாளாவது பின் சீட்டில் இருந்து பார்த்தேனா என்று எனக்கு யோசனை வந்தது.

கூட்டைப் பனைமரச் சிலாகையில் அடிப்போம், எங்கள் வளவிலேயே இருக்கிறது என்றேன். மாட்டின் தோலில் சிலாம்பு ஏறும் என்று மறுத்துவிட்டாள். பழைய இரும்பு துருப்பிடித்துக் கூராகும் என்று அதையும் விட்டாள். கடைசியில் கூட்டுக்குத் துருப்பிடிக்காத தண்ணீர்க் குழாய், பாதைக்கு இரண்டு பக்கமும் மறைவாக, இழைத்த பலகை என்று முடிவாயிற்று. பக்கத்தில் நிற்கிற ஆட்களைக் கண்டால் மாடு நின்றுவிடுமாம், அதற்குத்தான் பலகை. அகலம் இருபத்தெட்டு அங்குலம். கூடினால் மாடு திரும்ப வெளிக்கிட்டு நடுவில் சிக்கும், குறைந்தால் விலா உரசும். நாட்டு மாடுகள் சிறியவை என்பதால், அவை வரும்போது அகலத்தைக் குறைக்க உள்ளே ஒரு குழாயைக் கொழுவலாம். நிலத்துக்குச் சீமெந்து போட்டு, காய்வதற்கு முதல் விளக்குமாற்றால் வரி வரியாக இழுத்துவிட்டாள், குளம்பு வழுக்காமலிருக்க.

இரும்பு ஒட்டு வேலைக்குக் குருநகரில் படகு வேலை செய்கிற சிமியோனைப் பிடித்தோம். அந்த மனிதருக்கு மாட்டில் தலை எது வால் எது என்றுதான் தெரியும். ஆனால் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, இதிலை ஆக்களின்ரை கை எங்கை மாட்டுப்படும்?" என்பது. கீர்த்திகாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்து அரை நாள் கதைத்தார்கள். மாடு பின்னுக்கு வராமலும் உதையாமலும் இருக்க அதன் பின்னால் குறுக்கே தள்ளுகிற தடி, கழுத்தை நெரிக்காமல் இரண்டு பக்கமும் நேராக நின்று பிடிக்கிற கம்பி, மாடு விழுந்தால் முழுதாகத் திறக்கிற பக்கக் கதவு. கதவுக் கொழுவிகளுக்கெல்லாம் பழைய சைக்கிள் டயர் சுற்றினார்கள், சத்தம் வராது. எல்லாவற்றையும் ஒரு கையால் திறக்கலாம். முழுக் கூட்டிலும் ஓரிடத்தில்கூடக் கயிறோ முடிச்சோ இல்லை.

ஊரார் அதற்கு, சின்னத் தெருவுக்கு வைப்பது போல, கீர்த்திகா ஒழுங்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்லூருக்குப் போகவும் இதால் வழியிருக்கோ என்று பகிடி வேறு.

இனி என் கெட்டித்தனத்தைக் கேள். பட்டிப் பொங்கல் கழிந்து வந்த புதன்கிழமை, நிவேதனா தடுப்பூசி போட எங்கள் வளவுக்கே வருவதாக ஏற்பாடு. அயலட்டை மாடுகளும் இங்கேதான் வரும். முதல் நாள் பின்னேரம் கீர்த்திகா பால் சங்கத்துக்குப் போயிருந்தாள். நான் அந்தப் பலகைகளைப் பார்த்தேன். மொட்டையாக, களையில்லாமல் நின்றன. ஒரு நல்ல காரியம் தொடங்குகிற இடம் இப்படியா இருப்பது என்று நினைத்து, சுண்ணாம்பும் காவியும் கரைத்து, கோயில் மதிலுக்கு அடிப்பது போல வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக அடித்தேன். வாசலில் இரண்டு வாழை கட்டி, குறுக்கே மாவிலையும் தென்னோலைத் தோரணமும் தொங்கவிட்டேன். பொங்கலுக்கு வாங்கிய மினுங்கல் தாளும் மிச்சமிருந்தது, அதையும் விடவில்லை. பொழுதுபட்டு வந்தவள் இருட்டில் இதைக் கவனிக்கவில்லை. நானும் காலையில் கண்டு சந்தோஷப்படட்டும் என்று வாய் திறக்கவில்லை.

விடிய நாற்பது மாட்டுக்கு மேல் வந்துவிட்டன. முதலில் சிவப்பி. வாசல் வரை அழகாக வந்தது, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது, மூச்சைச் சீறியது, அசையவில்லை. அடுத்த மாடும் அப்படியே. ஒருவர் வாலை முறுக்கு என்றார், இன்னொருவர் பூவரசந் தடி முறித்துக்கொண்டு வந்தார். இதுக்குத்தான் இவ்வளவு பாடோ என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். "ஒருத்தரும் அடிக்க வேண்டாம், சத்தமும் போட வேண்டாம்" என்றாள். இன்னும் முழுதாக ஆறாத தோளோடு, சிவப்பியின் தலைக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்குக் குனிந்து, அது பார்த்த திசையைப் பார்த்தாள்.

நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோரணம் காற்றுக்கு ஆடுகிறது, தாள் மினுங்குகிறது, வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பட்டையும் மாட்டின் கண்ணுக்குப் பள்ளமும் மேடுமாகத் தெரிகிறது. கோயில் மதில் மனிதருக்கு அழகு. மாட்டுக்கு அது என்ன பள்ளக் கிடங்கோ. இத்தனை பேர் முன்னால் இந்தக் கிழவன் செய்த வேலை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "காத்துக்கு ஓலை ஆடுது, அதுதான் மிரளுதுகள்" என்று மட்டும் சொன்னாள். தோரணத்தை அவிழ்த்து, காலில் மிதிபடாமல் மடித்துச் சாமியறை வாசலில் வைத்தாள். ஒரு வாளியில் சாணமும் களிமண்ணும் கரைத்துக்கொண்டு வந்தாள். நானும் அவளுமாகப் பட்டைகளின் மேல் பூசினோம், கால்மணித்தியாலம் செல்லவில்லை.

பிறகு சிவப்பி பலகையை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டில் உள்ளே நடந்தது. பின்தடி சத்தமில்லாமல் குறுக்கே வந்தது. நிவேதனா பக்கத்தில் நின்று ஊசியைப் போட்டாள், முன்கதவு திறந்தது, சிவப்பி வெளியே போய்ப் புல்லில் வாய் வைத்தது. நான் போட்ட வெற்றிலை சிவக்கவுமில்லை. பத்தரை மணிக்குள் நாற்பத்து மூன்று மாடு. ஒன்றுகூட விழவில்லை, ஒன்றுக்கும் அடி விழவில்லை. பூவரசந் தடியோடு நின்றவர் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வேலிக்குள் செருகிவிட்டுப் போனார். நிவேதனா போகும்போது, "ஐயா, இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருசம். ஒரு உதையும் வாங்காமல் வீட்டை போறது இண்டைக்குத்தான்" என்றாள்.

எனக்கு அவளை நினைக்கப் பெருமையாக இருக்கிறது, மகன். மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஒரு ஆள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதற்காகச் சொல்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஐப்பசியில் சிவப்பி மிரண்டது என்று உனக்குச் சொன்னோம். அது பொய். அன்றைக்குச் சிவப்பியைக் கிணற்றடிப் பூவரசோடு கட்டியது நான். "மாமா, இழுத்தா அவிழுற மாதிரிக் கட்டுங்கோ" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். "நீ பிறக்க முதலே மாடு கட்டினவன் நான்" என்று அவளுக்குச் சொல்லி, கயிற்றைக் கட்டையாகப் பிடித்து இறுக்கு முடிச்சாகப் போட்டேன். ஊசி பட்டதும் மாடு துள்ளி வழுக்கி விழுந்தது. கயிறு கழுத்தை இறுக்கி நாக்கு வெளியே வந்துவிட்டது. அவள் மரத்துக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அவிழவில்லை. மூச்சுக்குத் துடித்து எழும்பின மாடு அவளை நெரித்தது. அவள் கையை எடுக்கவில்லை, நான் கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுக்கும்வரை.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் முதலில் சொன்னது, "மாடு மிரண்டிட்டுது எண்டு மட்டும் அவருக்குச் சொல்லுங்கோ மாமா. அவர் தூரத்திலை இருந்துகொண்டு உங்களோடை கோவிச்சால் ரெண்டு பேருக்கும் நித்திரை வராது" என்பதுதான். நானும் தலையாட்டினேன். மூன்று மாதமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். என் பிழையைச் சிவப்பி சுமந்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை அதை லொறியிலும் ஏற்றப் போகிறார்கள். இதற்கு மேலும் பேசாமலிருந்தால் நான் மனிதனில்லை.

நீ அங்கே முப்பதாம் மாடிக்குச் சாரம் கட்டுகிறாய். உன்னை இறங்கி வா என்று நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. பெல்ட் போட்டிருக்கிறேன், அது என்னைப் பிடிக்கும் என்று நீ சொன்னாய், அவள் நம்பினாள். அவளும் தன் பெல்ட்டைத் தானே செய்துவிட்டாள். நீயும் அவளை நம்பு.

இது கிடைத்த அன்றைக்கே கொடிகாமத்து மனிதருக்குச் சொல்லி அவரை வர வேண்டாமென்று மறி. கோபம் வரும், வரட்டும், அதை எனக்கு அனுப்பு. பிறகு கீர்த்திகாவுக்கு போன் எடு. நான் எழுதியதைச் சொல்லாதே. தோள் எப்படி என்றும் கேட்காதே, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள். அந்தப் பின்தடி எப்படி வேலை செய்கிறது என்று கேள். அவள் சொல்லத் தொடங்கினால் இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிரு. நான் போனை வாங்காமல் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன்.

உன் ஒவ்வொரு அடியையும் கடவுள் பிடித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு முடிச்சுப் போட்ட அதே கையால்,
உன் அப்பா
க. இராசநாயகம்