கடைசிச் சுற்றில் அலறிய போன்

அம்பிட்டிய, கண்டி
ஜூலை 2018

அன்பு மகள் குமாரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நான் நலம். நீயும் பச்சைக் குழந்தையும் மாப்பிள்ளையும், உங்களைப் பார்த்துக்கொள்ளக் கனடா வந்திருக்கும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று அன்றாடம் கும்பிடுகிறேன். இதைப் போனில் தொடங்கினாலே நீ அழுது என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் கடிதம். குழந்தை பிறந்ததைச் சொல்ல அம்மா கூப்பிட்டதால் அப்பா சதுரங்கப் போட்டியில் கப்பை இழந்தார் என்று யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். உடனே அப்பாவுக்குச் சொல்லுங்க என்று அம்மாவை அவசரப்படுத்தியது நீதானாம். அதிலிருந்து, கூப்பிடுமுன் 'அப்பா, பேசலாமா?' என்று செய்தி போட்டுக் கேட்கிறாய். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டிலிருந்து சதுரங்கப் போட்டிகளுக்குப் போகிறேன். மாநகர சபையில் லிகிதராக எழுத்து வேலை பார்த்தபோது எடுத்த லீவெல்லாம் அதற்கே போனது. கொழும்பு, குருநாகல், மாத்தளை என்று பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் தோற்றுத் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை. அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சோற்றுப் பார்சலில் பொரித்த முட்டை வைத்து, 'தோத்தாலும் சாப்பிட்டுட்டு வாங்க' என்று அனுப்புவாள். அதற்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு, எனக்கு நேரில் சொல்ல வராது.

அன்று கண்டியில் கடைசிச் சுற்று. எதிரே அலவத்துகொட லாபிர், முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து என்னை மடக்கி வருகிற மனிதர். வென்றால் எனக்கு முதலிடம். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது, அது ராணியாக இரண்டே கட்டம் பாக்கி. அப்போதுதான் சட்டைப்பையில் போன் அலறியது. ஆட்டத்தின் நடுவே யாருடைய போன் அடித்தாலும் அவருக்குத் தோல்வி, அதுதான் விதி. நடுவராக இருந்த பிள்ளை றிஸானா தயங்கித் தயங்கி வந்தாள். லாபிர், 'இப்பிடிக் கெடைக்கிற வெற்றி எனக்கு வாணாம், வெளையாடுவம்' என்று அடம்பிடித்தார். நான்தான் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, வாசலுக்கு ஓடினேன். 'பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க!' என்று அம்மா போட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாள் லாபிர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே இனிப்புத் தொதல் கொண்டுவந்தார். எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தும் தின்றேன், அம்மாவுக்கு வாசிக்கும்போது இதை மட்டும் விட்டுவிடு.

எப்படியும் தோற்றிருப்பேன் என்று சொல்லி உன்னைத் தேற்றலாம். அது பொய். வென்றிருப்பேன், குமாரி. கப் கிடைக்காதது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். ஆட்டம் தொடங்குமுன் போன்களை அணைக்கும்படி றிஸானா சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். எல்லாரும் அணைத்தார்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் அணைக்கவில்லை. காது மந்தம் என்று சத்தத்தையும் கூட்டியே வைத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று லாபிர் கேட்டார். 'அத அணைச்சிட்டு ஒரு காயக்கூட என்னால நகத்தியிருக்க முடியாது' என்றேன்.

கழுத்து நிற்கும்வரை பேத்தியின் பிடரியைத் தாங்கித் தூக்குங்கள். பத்தியச் சாப்பாட்டில் அம்மாவோடு வாதாடாதே. காற்றுப் படாமல் காதை மூடிக்கொள். பேத்திக்கு நூறு வயது, உங்கள் எல்லாருக்கும் என் ஆசிகள். ஓகஸ்டில் மாத்தளையில் போட்டி இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன். அன்றைக்கும் என்னோடு பேசத் தோன்றினால் எதுவும் கேட்காமல் கூப்பிடு. போன் சட்டைப்பையில்தான் இருக்கும்.

உன் அப்பா,
இரா. வீரசிங்கம்