சனிக்கிழமைப் புதிர்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தாலே அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், பிறகு மழை பெய்ததையும் பூனை குட்டி போட்டதையும்தான் பேச முடிகிறது. அதனால் கண்ணாடிக் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில், லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நீ அனுப்பிய புதிரைப் பற்றித்தான். உனக்கும் அம்மாவுக்கும் இது எத்தனை வருஷப் பழக்கம், ஒரே புதிரை ஆளுக்கு மூன்று கம்ப்யூட்டர் மொழியில் போட்டுக் காட்ட வேண்டும், தோற்றவள் தனக்குப் பிடிக்காத மொழியில் இன்னொரு தரம் போட வேண்டும். காலமெல்லாம் ஆபீசில் கோபால் என்கிற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மொழியில் சம்பளக் கணக்கு எழுதியவள், ரிட்டையர் ஆன பிறகு உன்னோடு மல்லுக்கட்டுவதற்கென்றே பைத்தான், ரஸ்ட் என்று புது மொழிகளையும் கற்றுக்கொண்டாள். (கல்யாணமான புதிதில் அந்தக் கோபாலை ஆபீசில் யாரோ ஒரு ஆள் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள், அது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.) மறதி இனிக் கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொன்னதை அவளுக்குத் தெரியாமல் நான்தான் உனக்கு எழுதினேன். பாப்பாவுக்குச் சொல்லிடாதீங்க, அங்கே தனியாக் கிடந்து அழுவா என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நீ மனசு கேட்காமல் லேசானதாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் என்ன ஆயிற்று தெரியுமா. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து படித்தாள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதானே. ஏங்க, இது அவ ஸ்கூல்ல படிக்கும்போது நான் அவளுக்கு முதல்முதலாச் சொல்லிக்கொடுத்ததுங்க, இதைப் போய் எனக்கு அனுப்பறா என்று சிரித்தாள். சாப்பிட்டோமா என்று அன்றைக்கே இரண்டு தரம் கேட்டவள், பாப்பா, இது நினைவிருக்கிறது அவளுக்கு. இதெல்லாம் ஒரு புதிரா, நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடறேன் என்று உட்கார்ந்தாள். வரவில்லை. முதல் வரியை ஒரு மொழியில் ஆரம்பிக்கிறாள், அடுத்த வரியில் இன்னொன்றுக்குப் போய்விடுகிறாள், கடைசியில் பழைய கோபாலில் வந்து நிற்கிறாள், ஒவ்வொரு தடவையும் திரை முழுக்கத் தப்பு தப்பு என்று சிவப்பாக எழுத்து வருகிறது. சாப்பிடக் கூப்பிட்டேன், தலையே நிமிரவில்லை. சாயங்காலம் லைட்டைப் போட்டபோது கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏங்க, அவளுக்குத் தெரிஞ்சு போச்சா என்று கேட்டாள். சேச்சே, அவசரத்தில் எதையோ மாற்றி அனுப்பியிருப்பாள் என்றேன். நான் பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்பாளே, காதைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். எனக்கு அழக்கூட இடமில்லை, வீட்டில் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாள்.

உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. இந்தச் சனிக்கிழமை கஷ்டமானதாக அனுப்பு, எப்போதும் போல இரண்டு வரி வம்பும் சேர்த்து எழுது. அவளால் முடியாதுதான், தெரிந்துதான் சொல்கிறேன். அதற்காக நீயும் தோற்றதுபோல் நடிக்கக் கிளம்பாதே, நீ வயிற்றுவலி என்று ஸ்கூலுக்கு மட்டம் போட்ட நாளிலிருந்து உன் நடிப்பைப் பார்த்தவள் அவள். உனக்கே வராத ஒன்றைத் தேடிப் பிடி. எனக்கும் வரலம்மா என்று நீ சொன்னால் அது நிஜமாக இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. அவளுக்கு உன்னைத் திட்டத் தெரிகிறபோதே வா, கண்ணு.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடு, மனசில் வைத்துக்கொண்டு தவிக்காதே. பதில் எழுதினால் கடை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். அங்கே தபாலை அவள்தான் எடுக்கிறாள், உன் கையெழுத்து அவளுக்கு இன்னும் தெரிகிறது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா