சிரிக்கிற கோழிக்குஞ்சு

எங்கள் வீதிக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷம், ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது.

கூட்டாளிக்கு இன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். பயத்தில் பிரஷர் ஏறிவிட்டது. இறங்காவிட்டால் வலியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நர்ஸ் பெண் தன் போனில் ஒரு பொம்மை விளையாட்டைக் காட்டினாள். உருண்டைக் கண்ணோடு கலர் கலராகக் கோழிக்குஞ்சுகள், தொட்டால் சிரிக்கின்றன.

“ஒரே கலர்க் குஞ்சுகளப் புடிச்சுக் கூண்டுல போடுங்கய்யா.”

அவன் விரலை இழுத்துக்கொண்டான். “கூண்டு வேண்டாங்க அம்மணி. லாரி வந்துருமுங்க.”

“லாரிய செக்யூரிட்டி உள்ள உடமாட்டாருங்க. சும்மா தடவிக் குடுங்க, போதும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லடத்துப் பண்ணைகளில் ஆயுசெல்லாம் கோழி பிடித்து லாரி ஏற்றியவர்கள் நாங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவோம். அவன் கை தயங்கி நான் பார்த்ததே இல்லை.

தடவினான். குஞ்சு சிரித்தது, அவனும் சிரித்தான். பிரஷர் இறங்கியது.

“இதுக மூஞ்சிய நாம ஒருநாளும் பாக்கலியேடா” என்றான், உள்ளே போகும்போது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தூங்குகிறான். எங்கள் லாரிக் கூட்டத்தில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது இவன் ஒருவன்தான், மாரப்பன்.