அடைப்புக்குறிக்குள் பக்கத்து வீடு

இன்றும் ஹெட்போனை மாட்டியதும் தைல வாசம். என்னுடையது ஒரு பக்கம் செத்துப்போனதிலிருந்து உன்னுடையதுதான் என் காதில். தலைவலி என்று நெற்றியிலும் கன்னத்திலும் தேய்த்துக்கொண்டு அப்படியே வேலைக்கு உட்காருவாயே, அந்தப் பஞ்சு அதை இன்னும் விடவில்லை. முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. தைலம் காய்ந்த பிறகு மாட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிறகு அழுதேன். அழுது முடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இந்த வேலையைப் பிடித்தவள் நீ. ஹட்டனில் ஒரு கடையில் டைப்பிங் செய்துகொண்டிருந்தபோது யாரோ சொல்லி ஆரம்பித்தாய். மற்றவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு, எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். முழங்கால் வலியால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியிருந்த என்னையும், "சும்மா குந்தி இருக்காம வாடி" என்று இழுத்துவிட்டாய். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையை எட்டாத சுவர். நான் எழுதியதைச் சத்தமாக வாசிப்பேன். நீ அந்தப் பக்கம் பதிவை ஓடவிட்டுச் சரிபார்ப்பாய். பிழை என்றால் சுவரில் ஒரு தட்டு. தட்டும் வேகத்திலேயே நீ எனக்குக் கொடுக்கும் ஏச்சு தெரிந்துவிடும்.

ஊர் சுற்றி வலைப்பூ எழுதுகிற அந்தக் கொழும்புக்காரரை மறந்திருக்க மாட்டாய். நானுஓயாவிலிருந்து வேனில் போய்க்கொண்டே மலையின் அமைதியைப் பற்றிப் பேசுவார். பின்னால் ஹார்ன் காதைக் கிழிக்கும். நம் துணியைக் காயவிடாத பனியை அவர் வெண்பட்டு என்றபோது நீ சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டாய்.

"ஹார்னையும் எழுதவாடி?" என்று கேட்டேன்.

"சத்தத்த விடு. மனுசங்க பேசுனா எழுது" என்றாய்.

அது அப்போது வேடிக்கைப் பேச்சு. பிறகு அதுவே உன் சட்டமாகிவிட்டது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதிந்த பேட்டிகளை ஓர் ஆய்வாளர் அனுப்பினார். அவர் ஓர் அம்மாவிடம் கேள்வி கேட்பார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வந்துவிடும். இங்கே அப்படித்தானே! அந்த அம்மாவின் பேச்சு மட்டும் போதும் என்றார் அவர். நீ போனிலேயே மறுத்தாய்: "சார், லயத்துல ஒருத்தர மட்டும் கேட்டா பாதிப் பேச்சுதாங்க கெடைக்கும்." அவர் சிரித்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னார். அன்று முதல் எல்லார் பதிவிலும் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு அடைப்புக்குறிக்குள் போயிற்று.

அந்தச் சட்டம் கடைசியில் என் தலையிலேயே வந்து விழுந்தது. வெளியூரில் இருக்கும் உன் மகள் எனக்குப் போன் எடுத்தாள். நீ கடைசி மாதங்களில் அவளுக்கு அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் வைத்திருக்கிறாளாம். "கொரலக் கேட்டா என்னால தாங்க முடியல சித்தி. எழுத்தாக்கிக் குடுங்க, வாசிச்சுக்கிறேன்" என்றாள். அனுப்பு புள்ள என்றேன்.

கேட்டேன். "அம்மா நல்லா இருக்கேன்டா, சாப்புட்டேன், நீ பரீட்சைய நல்லா எழுது." அதற்குப் பின்னால், போன் ஸ்பீக்கரில் யாருக்கும் பிடிபடாத தூரத்தில், ஆனால் இந்த ஹெட்போனில் தெளிவாக, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து என் குரல். "எங்கடி சாப்புட்ட? இப்பதானே வந்து பாத்தேன், கஞ்சி அப்புடியே கெடக்கு!" இன்னொன்றில், "புள்ளைக்குச் சொல்லிப்புடுடி. ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்கன்னு சொல்லு." நீ போனைக் கையால் பொத்திக்கொண்டு சீறுகிறாய்: "வாய மூடு. பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்து அவள் ஓடிவந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சாவு வீட்டில் என்னைப் பிடித்து உலுக்கினாள். அவளைக் கட்டிக்கொண்டேன். இப்போது இதை எழுதினால், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நீ போன பிறகு இந்த லயத்துக்கு அவள் வருவதற்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள் நான். அவளும் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன். என் குரலை விட்டுவிட்டு உன் பேச்சை மட்டும் எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நலமாக இருந்த ஒருத்தி திடீரென்று செத்துப்போன மாதிரி இருந்தது.

அதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். (பக்கத்து வீடு: எங்கடி சாப்புட்ட?) (பக்கத்து வீடு: மாத்திரையப் போட்டியா?) (பக்கத்து வீடு: கதவத் தொறடி, நான் வாறேன்.) என்னை நானே பக்கத்து வீடு என்று எழுதுவது என்னவோபோல் இருந்தது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் எழுதி அனுப்பினேன்.

அவளிடமிருந்து சில நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு போன் வந்தது.

"கோவமாத்தான் இருக்கு சித்தி. ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்திட்டீங்க."

"ஆமா புள்ள."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா அந்தக் காம்பராவுல தனியாக் கெடந்திருப்பாங்கன்னுதான் இவ்வளவு நாளும் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாப் பக்கத்துலயும் நீங்க இருக்கீங்க." பிறகு சொன்னாள், "பொங்கலுக்கு வாறேன். கஞ்சி மட்டும் வெச்சுப்புடாதீங்க."

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உன் காம்பராவில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு புதுக் குடும்பம். நான் எழுதியதை இன்னும் சத்தமாகத்தான் வாசிக்கிறேன், அந்தச் சுவரைப் பார்த்து. இன்று காலையும் ஒரு வக்கீலின் பதிவை எழுதி முடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு தட்டு விழுந்தது. என் வாய் தானாக நின்றது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாங்க. புள்ள இப்பதான் தூங்குது" என்றாள் அந்தப் பெண்.

சரிம்மா என்றேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தட்டு விழுந்தபோது வாசித்த வரிக்குப் பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டேன். ஒரு சொல்லை விட்டிருந்தேன்.